சடையாண்டியின் சைக்கிளும் புலியின் செயின் எண்ணெயும்

ஒரு காட்டில், சிங்கத்தை ராஜா என்று கும்பிட்ட காலமெல்லாம் மலையேறிப் போய், சைக்கிள் வைத்திருப்பவன்தான் ராஜா என்று ஆகிவிட்ட பிறகு நடந்த கதை இது. காட்டுக்குள் சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. பன்றி எப்படிப் பேசும் என்று கேட்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் சைக்கிளை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

அந்தப் பன்றியின் பேர் சடையாண்டி. காட்டுப்பன்றி. ஆள் குட்டை, கால் ஆளைவிடக் குட்டை. பெண்டாட்டி மாடத்திக்கு வாய் மட்டும் நீளம். குட்டிகள் ஒரு பந்திக்கு உட்காருகிற அளவுக்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்.

வீடு பள்ளத்தில். கிழங்கு கிடைக்கிற மேடு மேலே. நடுவில் ஒரு சரிவு. அந்தச் சரிவின் பாதியில் ஈச்சம் புதருக்குள் வீரபாகு என்கிற புலி குடியிருந்தது. காலையில் அது தூங்கும். சடையாண்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே போய்விடுவான். கிழங்கு தோண்டி மூட்டை கட்டித் திரும்புகிறபோது பொழுது சாய ஆரம்பித்திருக்கும். புலி எழுந்து, மூஞ்சியைக் கழுவி, பசியோடு காத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் சடையாண்டியின் சைக்கிள் இருக்கிறதே, அது பழைய கறுப்பு இரும்பு வண்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கேரியர் கயிற்றுக் கட்டில் அகலம். பிரேக் பிடித்தால் சத்தம் வரும், வண்டி நிற்காது. சமதரையில் கால் எட்டாமல் அரைப்பெடல் போட்டு ஓட்டுவான். சரிவில் அந்தக் கவலையும் இல்லை. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் போதும், மீதியை இரும்பும் கிழங்கு மூட்டையும் பார்த்துக்கொள்ளும். பாறை உருண்டு வருகிற மாதிரி வண்டி வரும். புலி பாயும். பாய்ந்த இடத்தில் புழுதிதான் இருக்கும்.

"லேய் சடையாண்டி! ஒரு நாள் இல்லாட்டா ஒரு நாள் நீ சிக்குவலே!"

"சரி அண்ணாச்சி, வாரேன்!"

இப்படித்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வண்டி ஓடினால் கிழங்கு. வண்டி நின்றால் சடையாண்டியே புலிக்குக் கிழங்கு.

முன்சக்கரத்தில் காற்று நிற்காமல் போனது ஒரு நாள். சாயங்காலம் அடித்தால் விடிகிறபோது சப்பையாகக் கிடக்கும். உருட்டிப் பார்த்தான், தண்ணீரில் முக்கிப் பார்த்தான். டியூபில் ஓட்டை இல்லை. வால்டியூப்தான் போய்விட்டது. சின்ன ரப்பர்க் குழாய், விரல் நீளம்கூட வராது. அது ஒன்று கிடைத்தால் போதும்.

"சங்கத்துல கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மாடத்தி. அந்தச் சொல்லைச் சொன்ன வாயைப் பிற்பாடு அவளே எத்தனையோ தரம் அடித்துக்கொண்டாள்.

சங்கம் என்றால் சைக்கிள் சங்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்கரை மருத மரத்தடியில் கூடும். வண்டி வைத்திருக்கிற மிருகமெல்லாம் வரும். ஒருவரும் ஓட்டிக்கொண்டு வரமாட்டார்கள். புழுதி பட்டுவிடும் என்று தள்ளிக்கொண்டு வருவார்கள், சில பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆளுக்கொரு சாக்கை விரித்து அதில் நட்டு, போல்ட்டு, பெடல், சக்கரத்துப் போக்ஸ் கம்பி என்று பரப்பி வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்வார்கள். இவருடைய சீட்டு அவருக்கு, அவருடைய ஹேண்டில்பார் இவருக்கு. மாற்றி முடித்தால் அதைப் பற்றிப் பேசுவார்கள். பேசி முடித்தால் மறுபடியும் மாற்றிக்கொள்வார்கள். அந்த மரத்தடியில் ஒருவரை ஒருவர் தின்பதில்லை என்று ஓர் ஒழுங்கு உண்டு. பேச்சு கெட்டுப்போகும் என்பதால்.

சடையாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நின்று, பணிவாகக் கேட்டான். "ஒரு வால்டியூப் கிடைக்குமா?"

எல்லாரும் பேச்சை நிறுத்தி அவனைப் பார்த்தார்கள். அவனை அல்ல, வண்டியை. சாவு வீட்டில் பார்க்கிற மாதிரி.

"இதுலயா ஓட்டுதீரு?" என்றார் நீலமேகம். சாரைப்பாம்பு. உடம்புக்குத் தக்கபடி வண்டியை அளந்து கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அளவு வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். காலே இல்லாதவர் பெடலுக்கு எப்படி அளவு சொல்வார் என்று நீங்கள் கேட்கலாம். காட்டில் யாரும் கேட்டதில்லை.

"ஆமா வாத்தியாரே. நல்லாத்தான் ஓடுது. காத்து மட்டும்..."

"இடுப்பு வலிக்குதா?"

"இல்லையே."

"முழங்கால்?"

"இல்லை."

நீலமேகம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? வலியே தெரியல. அம்புட்டுத் தூரம் உடம்பு மரத்துப்போயிட்டு." பிறகு சடையாண்டியிடம், "நில்லும், அளந்துருவோம்" என்று அவன் காலோடு தன் உடம்பை நீட்டிப் படுத்துக்கொண்டார். அவருக்கு டேப்பெல்லாம் வேண்டாம், அவரே டேப். ஆனால் உடம்பின் நடுவில் புடைப்பாக ஏதோ இருந்தது.

"வாத்தியாரே, அது என்ன?"

"காலையில சாப்பிட்ட தவளை. கண்டுக்காதீரும்."

"அது இருக்கிறதால அளவு கூடக் குறைய..."

"நாளைக்குக் கரைஞ்சிரும். கரைஞ்சா எல்லாம் கணக்காச் சரியாயிரும்."

"அப்ப நாளைக்கு அளந்தா என்ன?"

"நாளைக்குச் சங்கம் கிடையாதுல்லா."

தவளையையும் சேர்த்து அளந்து, சீட்டை ஏற்றச் சொன்னார் நீலமேகம். ஏற்றினார்கள். சீட்டு சடையாண்டியின் மூக்குக்கு மேலே போய் நின்றது. பெடல் மேலே வருகிறபோது மட்டும் நகம் தொட்டது. கீழே போனால் கால் காற்றில் ஆடியது.

"வலிக்குதா?"

"இப்ப வலிக்கு, வாத்தியாரே."

"அப்ப சரியான அளவு."

அடுத்தது பவளம். மந்தி. சங்கத்துச் சரக்கில் பாதி அவள் கன்னப்பைக்குள்தான் இருக்கும். அன்றைக்குச் சக்கர அச்சில் உருளுகிற பால்ரஸ் குண்டுகளை அடக்கி வைத்திருந்தாள். சிரித்தால் ஒன்று உதிரும், எல்லாரும் மண்டியிட்டுத் தேடுவார்கள்.

"கொழுந்தனாரே, ஹேண்டில்பார் இப்படி நிமிந்தா இருக்கும்? காத்து முழுக்க உங்க நெஞ்சுலல்லா அடிக்கும்!"

"அடிச்சா என்ன மதினி?"

பவளம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே! காத்து அடிக்குன்னுகூடத் தெரியாம இத்தனை காலம் ஓட்டியிருக்காரே!"

மரத்தடியே உச்சுக்கொட்டியது. சடையாண்டிக்கு அங்கேதான் கால் இடறியது. அதுவரைக்கும் அவனைப் பார்த்து இத்தனை பேர் பரிதாபப்பட்டதில்லை. புலி அவனைத் தின்னப் பார்க்கிறது, அதற்கு யாரும் பரிதாபப்பட்டதில்லை. காற்று படுகிறது என்றதும் இத்தனை பேருக்குக் கண் கலங்குகிறது. தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஏதோ குளிர்ந்த மாதிரிதான் இருந்தது.

நிமிர்ந்த ஹேண்டில்பார் பவளத்தின் சாக்குக்குப் போயிற்று. ஆட்டுக்கிடாக் கொம்பு போல வளைந்தது ஒன்று சடையாண்டியின் வண்டிக்கு வந்தது. அதைப் பிடித்துக் குனிந்தால் அவன் மூக்கு முன்சக்கரத்தில் உரசியது.

"இனி எடையைப் பாப்போம்" என்றார் அனந்தப்பன். ஆமை. முதுகில் வீட்டையே சுமந்துகொண்டிருக்கிறவருக்கு அடுத்தவன் வண்டியில் ஒரு நட்டு கூடுதலாக இருந்தால் தாங்காது. "எடைதான்வே எமன். கேரியர் எதுக்கு?"

"கிழங்கு வைக்க."

"கிழங்கை வயித்துல வையும். மட்கார்டு எதுக்கு?"

"சேறு..."

"பன்னிக்குச் சேத்துல என்ன பயம்? ஸ்டாண்டு?"

"நிறுத்த..."

"ஓட்டுறவன் நிறுத்துவானா?"

ஒவ்வொன்றும் கழன்றது. கழன்றதையெல்லாம் "கீழ போட்டுராதீரும், இங்க கொடும்" என்று அனந்தப்பன் வாங்கி ஓட்டுக்கடியில் செருகிக்கொண்டார். இரும்புச் சக்கரங்களையும் மாற்றினார்கள். அதற்குப் பதில் வந்தவை கோட்டம் எடுத்த புதுச் சக்கரங்கள். இலை மாதிரி இருந்தன. ஊதினால் பறந்துவிடும் போல. டயரும் டியூபும் மட்டும் பழசு.

சாயங்காலம் கிளம்புகிறபோதுதான் சடையாண்டிக்கு ஞாபகம் வந்தது. "அந்த வால்டியூப்?"

"அதெல்லாம் இப்ப யாருவே கேக்கா" என்றார்கள்.

வருகிற வழியில் ஆலமரத்துப் பாலைத் தொட்டு வால்டியூபில் தடவினான். காற்று நின்றுவிட்டது. வந்த காரியம் அவ்வளவுதான்.

மாடத்தி வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள். சுற்றி வந்து பார்த்தாள்.

"எங்க மிச்சம்?"

"எடையைக் குறைச்சிருக்கு. இப்ப ஒரு விரலால தூக்கலாம்."

"தூக்கிட்டு எங்க போகப் போறீங்க? கேரியர் எங்க? நாளைக்குக் கிழங்கை எதுல கொண்டாருவீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இம்புட்டு நாளும் என் நெஞ்சுல காத்து அடிச்சிருக்கு."

"எனக்கு இப்ப வயித்துல அடிக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு சரிவுக்கு வந்தான் சடையாண்டி. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினான். பாறை உருளும் என்று காத்திருந்தான். வண்டி, வயசுப் பெண் குடத்தோடு படி இறங்குகிற மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கிற்று. எடை இருந்தால்தானே உருளும்? கண்ணைத் திறந்தால் ஈச்சம் புதர் ஆடிக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கப் பார்த்தான், நகம்தான் தொட்டது. பிரேக் பிடிக்கத் தேவையே இல்லை, வண்டி தானாகவே நிற்கப் பார்த்தது. புலி பாய்ந்தது. புழுதியோடு சேர்த்து இந்தத் தடவை கொஞ்சம் வால் மயிரும் அதன் நகத்தில் சிக்கியது.

"லேய் சடையாண்டி!" என்றது புலி. அதற்கே நம்ப முடியவில்லை.

சடையாண்டி பதில் சொல்லவில்லை. மரியாதை இல்லாமல் அல்ல, வாயில் கிழங்கு.

வீட்டுக்கு வந்து விழுந்தவனை மாடத்தி நக்கிக் கொடுத்தாள். வாலைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். "பழைய சாமானை எல்லாம் திரும்ப வாங்கிட்டு வாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தக் குட்டிகளை நான் எதை வச்சு வளப்பேன்? கிழங்கு மேட்டுக்கு நானும் போய்ச் சிக்கினா இதுகளுக்கு யாரு?"

"வாங்கிருதேன். வர்ற ஞாயித்துக்கிழமை போனதும் முதல் வேலை" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான் சடையாண்டி. மனசாரத்தான் பண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மரத்தடியில் விஷயத்தைச் சொன்னான். புலி வாலைப் பிடித்ததைச் சொன்னான். எல்லாரும் கவலையோடு கேட்டார்கள்.

"வாலா?" என்றார் அனந்தப்பன். "வாலு எடைதான்வே?"

"குனியல நீங்க" என்றாள் பவளம். "குனிஞ்சிருந்தா வாலு மேல நின்னிருக்குமா?"

"சீட்டு இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார் நீலமேகம். அன்றைக்கு அவர் முட்டை சாப்பிட்டிருந்தார். புடைப்பு போன வாரத்தைவிடப் பெரிசு.

பழைய ஹேண்டில்பாரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கத்தான் சடையாண்டி வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மருத மரத்துக் கிளி கத்திற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் வெயிலில் என்னவோ பளபளத்தது. ஒரு புதுச் சைக்கிள். கியரெல்லாம் வைத்தது. டவுனிலிருந்து மலையேற வந்த ஒரு மனிதர் கொண்டுவந்தது. புலியைப் பார்த்த கணத்தில், சைக்கிளைவிடத் தன் கால்தான் வேகம் என்று கண்டுபிடித்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத் தள்ளிக்கொண்டு வந்தது வீரபாகு.

நீலமேகம் வேருக்கடியில் போனார். பவளம் உச்சிக்கிளையில் இருந்தாள், குண்டுகள் மட்டும் கீழே மழையாக விழுந்தன. அனந்தப்பன் வீட்டைச் சாத்திக்கொண்டார். சடையாண்டி மட்டும் அப்படியே நின்றான்.

புலி ஓடையைத் தாண்டி வந்து நின்றது. தொண்டையைச் செருமியது. கொஞ்சம் கூச்சமாகத்தான் கேட்டது.

"இதுல பின்னால பல்லு பல்லா அடுக்கியிருக்கே... இது எதுக்கு?"

உச்சிக்கிளையிலிருந்து கடைசிக் குண்டு ஒன்று விழுந்து உருண்டது.

பிறகு வேருக்கடியிலிருந்து ஒரு தலை நீண்டது. "அதுவா அண்ணாச்சி..." என்றார் நீலமேகம். பவளம் ஒரே தாவலில் கீழே வந்தாள். "அதை நான் சொல்லுதேன், நீரு இரும்!" அனந்தப்பன் கதவைத் திறந்து கழுத்தை நீட்டினார். "எடை எம்புட்டு? தூக்கிப் பாத்தீங்களா?" புலி என்பது எல்லாருக்கும் மறந்துவிட்டது. புது ஆள். புது வண்டி. ஒன்றும் தெரியாது, கேட்கவும் கேட்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

அன்று மத்தியானத்துக்குள் வீரபாகு சங்கத்தில் சேர்ந்தாயிற்று. ஆகவே இனி அவர் என்றுதான் சொல்லவேண்டும். நீலமேகம் அவரை அளந்தார். பவளம் குனிய வைத்தாள். அனந்தப்பன் அவருடைய மட்கார்டைக் கழற்றிச் செருகிக்கொண்டார். சடையாண்டி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பயம்தான். ஆனால் பயத்துக்குள் என்னவோ ஒன்று அரித்தது. வீரபாகுவின் சீட்டு முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதை யாருமே கவனிக்கவில்லை. சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்தச் சீட்டு மூக்கைக் கொஞ்சம் இறக்குங்க."

வீரபாகு திரும்பிப் பார்த்தார். மரத்தடியே திரும்பிப் பார்த்தது. அவர் சீட்டின் மூக்கை இறக்கினார். ஏறி உட்கார்ந்தார். மீசை மெல்ல விரிந்தது.

"அடே! சுகமால்லா இருக்கு! யாருலே சொன்னது, நீயா?"

சடையாண்டியின் நெஞ்சு அந்த நேரம் விரிந்த விரிவுக்கு அவன் கால் ஒரு சாண் வளர்ந்திருக்கும். ஹேண்டில்பாரைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று வந்தவன் அதை மறந்தே போனான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "மாடத்தி, வீரபாகு அண்ணாச்சி என் பேச்சைக் கேட்டுச் சீட்டை இறக்கினாரு!" என்றான்.

மாடத்தி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "எந்த வீரபாகு?"

"நம்ம வீரபாகு அண்ணாச்சிதான்."

"நம்ம வீரபாகுவா? எப்ப இருந்து நம்ம வீரபாகு? அது உங்களைத் தொரத்திப் பிடிக்கதுக்குத்தான் வண்டி வாங்கியிருக்கு. அதுக்குச் சீட்டைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"மூக்கு தூக்கியிருந்துச்சு, பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க?"

மாடத்தி கீழே வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "உங்களுக்கு மூளை இருக்க வேண்டிய இடத்துல பெடல் இருக்கு" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் கிளம்புகிறபோது குட்டிகளை ஒவ்வொன்றாக அவன் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். வழக்கத்தில் இல்லாதது. "அப்பாவை ஒரு தடவை நல்லாப் பாத்துக்கோங்க" என்றாள்.

சாயங்காலம் சரிவின் உச்சியில் கிழங்கைக் கவ்விக்கொண்டு நின்றபோது சடையாண்டிக்கும் உறைத்தது. கீழே ஈச்சம் புதருக்குப் பக்கத்தில் பளபளவென்று அந்த வண்டி. அதன்மேல் வீரபாகு. சீட்டு மூக்கு கச்சிதமாக இறங்கியிருந்தது.

வேறு வழி இல்லை. பசி வீட்டில் கத்திக்கொண்டிருந்தது. ஏறினான். விட்டான்.

வண்டி நெளிந்து கீழே வந்தது. வீரபாகு மிதிக்க ஆரம்பித்தார். டக், டக் என்று கியர் மாறுகிற சத்தம் கேட்டது. சடையாண்டி உயிரைக் கொடுத்து மிதித்தான். மிதிக்க எட்டவில்லை. எட்டின ஒரு மிதியில் செயின் கழன்றது. முன்சக்கரம் இலை மாதிரி மடங்கிற்று. சடையாண்டி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

வீரபாகு வண்டியை நிறுத்தினார். இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். அனந்தப்பன் அதைக் கழற்ற மறந்திருந்தார் போல. நிதானமாக நடந்து வந்தார்.

"சிக்கிட்டியலே" என்றார். சந்தோஷத்தில் குரல் கரகரத்தது. வாயைத் திறந்தார். அந்த வாய்க்குள் இருந்த பல்வரிசையைச் சடையாண்டி வாழ்நாளில் அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. மாடத்தியை நினைத்துக்கொண்டான். குட்டிகளை நினைத்துக்கொண்டான். கண்ணை மூடினான்.

மூடினவனுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. வீரபாகு மிதித்து வந்தபோது கேட்ட சத்தம். டக்குக்கும் டக்குக்கும் நடுவில் கிரீச், கிரீச் என்று.

இனிமேல் நடந்ததைத் தந்திரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். சாகப் போகிறவன் சமாளிக்கிறதற்காகப் பேசிய பேச்சு அல்ல. சடையாண்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அவனுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தான். "அண்ணாச்சி, செயினுக்கு என்ன எண்ணெய் விடுதீங்க?"

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "தேங்காயெண்ணெய். ஏன்?"

"தேங்காயெண்ணெயா!" சடையாண்டி எழுந்து உட்கார்ந்துவிட்டான். "யாரு சொன்னது?"

"பவளம்."

"நல்லாச் சொன்னா! தேங்காயெண்ணெய் உறைஞ்சிரும் அண்ணாச்சி! மார்கழியில போய்ப் பாருங்க, செயினு சாம்பிராணிக் கட்டி மாதிரி இருக்கும். விளக்கெண்ணெய்தான் விடணும்."

"விளக்கெண்ணெய் பிசுபிசுக்குமேலே. மண்ணு ஒட்டாது?"

"துடைச்சுட்டு விடணும்."

"துடைச்சுட்டா, விட்டுட்டுத் துடைக்கணுமா?"

"முதல்ல மண்ணெண்ணெயில கழுவணும். எங்க, கழத்துங்க பாப்போம்."

வீரபாகு வாயை மூடினார். ஒரு கணம் யோசித்தார். சடையாண்டியைப் பார்த்தார், செயினைப் பார்த்தார். "உன்னை அப்புறம் தின்னுக்கிடுதேன். இதைப் பிடி" என்று ஒரு முனையைக் கொடுத்தார்.

எண்ணெய்ப் பேச்சு எப்படிப் பரவியது என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் சரிவுக்கு நீலமேகம் வந்துவிட்டார், இலுப்பை எண்ணெய்தான் என்று சொல்லிக்கொண்டே. பவளம் வந்தாள், தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டால் உறையாது என்று. அனந்தப்பன் மட்டும் மறுநாள்தான் வந்து சேர்ந்தார், எண்ணெயே எடைதான் என்று. செயினைக் கழற்றினபிறகு பின்சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. சக்கரத்தைக் கழற்றினபிறகு பல்லை. பல்லைக் கழற்றினபிறகு எது முதலில் இருந்தது என்பதில் ஒரு வாக்குவாதம். ஒப்பிட்டுப் பார்க்கச் சடையாண்டியின் வண்டியையும் பிரித்தார்கள்.

முதல் நாளே விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் ஆள் வரவில்லை என்றதும் மாடத்திக்குத் தெரிந்துவிட்டது. குட்டிகளைத் தூங்கப் போட்டாள். விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வந்ததும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு, எலும்பாவது கிடைத்தால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று மேலே ஏறினாள். பாதிச் சரிவில் நின்றுவிட்டாள்.

பாதை முழுக்கச் சாமான் பரப்பிக் கிடந்தது. நடுவில் முழங்கை வரைக்கும் கறுப்பு மையோடு புலியும் அவள் புருஷனும் எதிரெதிரே குந்தியிருந்தார்கள்.

"லே சடையாண்டி, நான் சொன்னதைக் கேட்டேன்னா..."

"அண்ணாச்சி, நீங்க பேசாதீங்க. ராத்திரி நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் இந்த வாஷர் மிச்சம் நிக்கு."

மாடத்திக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று பார்க்காமல் நேராக நடந்தாள். புலியின் மீசை அவள் காதில் உரசுகிற தூரத்தில் நடந்தாள்.

வீரபாகு நிமிர்ந்தார். அவள் நின்றாள்.

"தங்கச்சி, பாத்து. அந்த நட்டை மிதிச்சிராத" என்றார். குனிந்துகொண்டார்.

மாடத்தி மேலே போனாள். சாக்கு நிறையக் கிழங்கு தோண்டினாள். முதுகில் ஏற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பினாள். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கிழங்கை முன்னால் வைத்தாள். வீரபாகு கண்ணை எடுக்காமலே எடுத்துக் கடித்தார்.

"என்னதுலே இது?"

"கிழங்கு அண்ணாச்சி."

"சரி சரி. அந்த ஸ்பேனரை எடு."

அன்றைக்கு மறுநாள் குட்டிகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனாள். கொழுகொழு குட்டிகள் புலியின் வாலைத் தாண்டித் தாண்டிக் குதித்துப் போயின. பிறகு காட்டில் இருந்த மானும் முயலும்கூட அந்த வழிதான் போக வர ஆரம்பித்தன. காட்டிலேயே பயமில்லாத பாதை என்று அதற்குப் பேராகிவிட்டது. வீரபாகுவுக்கு இடுப்பு இளைத்தது. எடை குறைந்தால் வண்டி நன்றாக ஓடும் என்று அனந்தப்பன் சொன்னதில் அவருக்கும் சந்தோஷம்தான். வண்டி பூட்டினபிறகு அல்லவா ஓடும்!

ஒரு நாள் திரும்பி வருகிறபோது மாடத்தி சடையாண்டியின் பக்கத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "வீட்டுக்கு வாரீங்களா?" என்று கேட்டாள்.

"இந்தா, இந்த ஒரு நட்டுதான்" என்றான் சடையாண்டி, தலையைத் தூக்காமல். "இதைப் பூட்டிட்டா வந்துருவேன்."

"பூட்டிட்டா அண்ணாச்சி உங்களைத் தின்னுருவாருல்லா?"

சடையாண்டியின் கை அப்படியே நின்றது. வீரபாகுவின் கையும் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தை இரண்டு பேருமே மறந்திருந்தார்கள்.

வீரபாகுதான் முதலில் பேசினார். "லே சடையாண்டி, இந்த நட்டு மரை கொஞ்சம் தேஞ்ச மாதிரி தெரியல?"

"எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி தெரியுது" என்று அவசரமாகச் சொல்லி, பூட்டினதைக் கழற்ற ஆரம்பித்தான் சடையாண்டி.

மாடத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். குட்டிகள் முன்னால் ஓடின.

நீதி: கொடியவனைத் திருத்தவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, பக்கத்தில் கருத்துச் சொல்ல நாலு பேரை உட்காரவை. கொல்ல அவனுக்கு நேரம் இருக்காது. புருஷன் உயிரைக் காப்பாற்றவும் இதுவே வழி. உயிர் கிடைக்கும், புருஷன் கிடைக்கமாட்டான்.